மாட்டு ஈயும் மகாராஜாவின் சத்தியமும்

முன்னொரு காலத்திலே, இன்று யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு நாட்டை உக்கிரசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. ராணியைக் கண்டால் நடுக்கம். "எந்தப் பெண் மீதும் கை ஓங்க மாட்டேன்" என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான்.

ஒரு மழைக்காலத்தில் மாட்டு ஈக்கள் அரண்மனைக்குள் புகுந்தன. ஒன்று ராஜாவின் காதை நறுக்கென்று கடித்தது. அடிக்கக் கையைத் தூக்கிய ராஜா அந்தரத்திலேயே நிறுத்தினான்.

"இது ஆணா, பெண்ணா? பெண் என்றால் என் சத்தியம் என்னாவது?"

அது தெரியும்வரை எவரும் ஈயை அடிக்கக் கூடாது என்று உத்தரவு பறந்தது. அவை முழுவதும் சொறிந்துகொண்டே நின்றது. அதைப் பார்த்து அரண்மனை விகடகவி பிச்சாண்டி களுக்கென்று சிரித்துவிட்டான்.

அவன்மேல் வெகுநாளாகவே பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் திருமேனியார் முன்னே வந்தார்.

"மகாராஜா, சிரிப்பவனுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நாளை சபையில் ஆண் ஈயையும் பெண் ஈயையும் பிரித்துக் காட்டட்டும். அடியேன் என் கைப்படச் சோதித்த பிறகே ஒப்புக்கொள்வேன். தவறினால் அவனை நாடுகடத்துங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

பிச்சாண்டி நேரே அரண்மனை மாட்டுக் கொட்டிலுக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"என்ன சாமி, மாட்டு வாலையே பாத்துக்கிட்டு இருக்கீக? சோசியமா?" என்று மாட்டுக்காரன் கேட்டான்.

"வாலை இல்லப்பா, வாலுக்குத் தப்புறவங்களைப் பாக்கறேன்."

பார்க்கப் பார்க்க விஷயம் பிடிபட்டது. சில ஈக்கள் மாட்டைக் கடித்தன. சிலவோ மாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலியோரப் பூக்களில் தேன் குடித்தன. பூவில் இருந்த ஒன்றைப் பிடித்து உற்றுப் பார்த்தான். இரண்டு பெரிய கண்களும் உச்சந்தலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடித்த ஈயின் கண்களுக்கு நடுவிலோ வகிடு எடுத்ததுபோல் இடைவெளி! குளக்கரைப் புல்லில் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஈயையும் போய்ப் பார்த்தான். அதற்கும் அதே வகிடு. பிச்சாண்டி குளக்கரையிலேயே ஒரு குதி குதித்தான்.

மறுநாள் வாயில் துணி கட்டிய இரண்டு கலயங்களோடு சபைக்கு வந்தான்.

"மகாராஜா, வெள்ளைத் துணிக் கலயத்தில் ஆண்கள். கண்ணும் கண்ணும் ஒட்டியிருக்கும், கடிக்கத் தெரியாது. சிவப்புத் துணிக் கலயத்தில் பெண்கள். கண்களுக்கு நடுவே வகிடு இருக்கும், கடிப்பது இவர்கள் மட்டுமே."

"கட்டுக்கதை! இதை யார் நம்புவது?" என்றார் திருமேனியார்.

"தாங்கள்தான் ஐயா. கைப்படச் சோதிப்பதாகச் சொன்னீர்களே. கை படட்டும்!"

"சொன்னீர், நானும் கேட்டேன்" என்றான் ராஜா.

திருமேனியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெள்ளைக் கலயத்தில் கையை விட்டார். ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தீர்களா, இவன் பிடித்து வந்த ஈ எதுவும் கடிக்காது, புரட்டு!" என்று தெம்பாகச் சிவப்புக் கலயத்தில் முழங்கைவரை விட்டார்.

"ஐயய்யோ! அம்மா! கடிக்குதே!"

உதறியும் கையில் மாட்டிய கலயம் கழலவில்லை. அதோடு சபையைச் சுற்றி ஓடியவர் தூணில் மோத, கலயம் உடைந்து பெண் ஈக்கள் எல்லாத் திசையிலும் கிளம்பின. கொழுத்த ஒன்று ராஜாவின் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

"பிச்சாண்டி, வகிடு தெரிகிறதா?" என்று ராஜா மூச்சடக்கிக் கேட்டான்.

"பளிச்சென்று தெரிகிறது, மகாராஜா. பெண்ணேதான்."

"போச்சு! கை ஓங்க முடியாதே!"

"கைதானே ஓங்கக் கூடாது? வாயால் ஊதலாமே!"

ராஜா கீழுதட்டை நீட்டி 'பூ' என்று ஊதினான். ஈ பறந்தது, கூடவே கிரீடமும் சரிந்தது. சரிந்த கிரீடத்தோடு ராஜா வயிறு வலிக்கச் சிரித்தான். திரைக்குப் பின்னால் ராணியும் சிரித்தாள். ராஜா தன் முத்து மாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டான்.

திருமேனியாருக்கும் புதிய பதவி கிடைத்தது. அன்றுமுதல் அவர் சிம்மாசனத்தின் அருகே நின்று, வீங்கிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஈக்களை ஊதிக்கொண்டிருந்தார்.