பைக்குள் கையை விடும் விளையாட்டு

எங்கள் ஊர்ப் பெரியவர் பூவராகன் சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருடங்கள் நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேனா, தெரியவில்லை.

அவர் சீடராக இருந்த மலையடிவார மடத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி உண்டு. சபையில் எழுந்து பேச அவர்களைப் பழக்குவது அவர் பொறுப்பு.

ஒரு மாலை ஆசானிடம் போனார்.

"சுவாமி, செவ்வந்தி வாய் திறக்க மாட்டேன் என்கிறாள்."

"என்ன செய்தாய்?"

"எல்லாமே விளையாட்டுதான். ஓட்டைக் குடையை விற்கச் சொன்னேன். காக்கா மாதிரி சண்டை போடச் சொன்னேன். துணிப்பைக்குள் கையை விட்டு, தொட்டதைப் பார்க்காமலே வர்ணிக்கச் சொன்னேன். மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. இவள் மட்டும் நடுங்குகிறாள்."

"சரி."

"நாளைச் சபையில் பேசாவிட்டால் அவள் சித்தப்பா கூட்டிப் போய்விடுவார், சுவாமி. ஊமைக்கு எதற்குப் படிப்பு என்கிறார். அப்புறம் செங்கல் சூளைதான்."

"பைக்குள் பொருளைப் போடுவது யார்?"

"நான்தான்."

"கை விடுவது?"

"பிள்ளைகள்."

ஆசான் அந்தப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. செவ்வந்தியின் துணிமூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு சித்தப்பா வாசலிலேயே நின்றார்.

ஆசான் பையைப் பிள்ளைகளிடம் கொடுத்து நிரப்பி வரச் சொன்னார். குசுகுசுவென்று சிரித்தபடி கொண்டு வந்தார்கள்.

"பூவராகா, கையை விடு."

"நானா?"

"தொட்டதைப் பற்றிப் பேசு."

விட்டார்.

ஏதோ குளிர்ந்தது. வழவழத்தது. நகர்ந்தது.

எல்லாக் கண்களும் அவர் மேல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"பேசு."

"அது... வந்து..."

"ஐயாவுக்கு வேர்க்குது டோய்!"

"காக்கா மாதிரியாவது கத்துங்க, ஐயா!"

சபை சிரித்தது. பெரியவர்களும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க!"

யார் குரல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

செவ்வந்தி நடுவில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தவளைதான், ஐயா. நான்தான் கிணத்தடியில புடிச்சேன். கடிக்காது. இறுக்காதீங்க, அதுக்கு மூச்சு முட்டும். இப்படி அடியில கை குடுத்தா சும்மா உக்காந்திருக்கும். மழைக்கு முன்னாடி பாக்கணும் நீங்க, தொண்டை இம்மாம் பெருசா உப்பும்..."

பேசிக்கொண்டே போனாள். சபை அடங்கிவிட்டது.

வாசலில் சித்தப்பா மூட்டையைக் கீழே இறக்கினார்.

"இனிக் கையை எடுத்துக்கொள்" என்றார் ஆசான்.

பூவராகன் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டுவேன். உள்ளே ஏதோ உதைக்கும். அவர் வயல்காட்டில் வளர்ந்தவர். தண்ணீர்ப்பாம்பை வாலைப் பிடித்து வீசியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்காக நடித்திருப்பார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு கூட்டத்தில் திடீரென்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்தேன். எதிரே முகங்கள். ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது.

அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, அன்றைக்கு நீங்கள் தவளைக்கா பயந்தீர்கள்?"