பனியைத் தூக்கிக் கொடுத்த கொள்ளுமேடு

மலைகளுக்கு இன்னும் பேர் வைத்து முடிக்காத காலத்தில், மந்திரம் செய்கிறவனும் பத்தியம் காத்தே ஆகவேண்டியிருந்த காலத்தில், வடக்குக் கோடியில் கொள்ளுமேடு என்று ஒரு மலையூர் இருந்தது. மொத்தம் ஒன்பது வீடு. அந்த ஊர்க் களத்தில் மாசி மாதத்து ஒரு காலையில் நடந்ததைக் கேளுங்கள். முதலில் அன்று களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

தானியம் அளக்கிறவள் பூங்காவனம். அவள் புருஷன் பாவாடை. ஊர்த்தலைவர் ஏகாம்பரம். முறம் பிடிக்கும் அஞ்சலை. மாடு ஓட்டும் மண்ணாங்கட்டி. மற்றவர்கள் இருபத்திரண்டு பேர். ஆக இருபத்தேழு பேர். அஞ்சலையின் இடுப்பில் கைக்குழந்தை ஒன்று; அதற்குப் பேச்சு வராததால் கணக்கில் சேர்க்கவில்லை. எருது நான்கு. அழைக்காமல் வந்தவன் ஒருவன். அவன் பேர் தேன்வாயன்.

அந்த ஒருவனைப் பற்றிச் சொல்வதற்குமுன் இந்த ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

கொள்ளுமேட்டில் ஆடி பிறந்தால் காற்று. கூரை பறக்கும். ஐப்பசி பிறந்தால் மழை. பாறையெல்லாம் வழியும். மார்கழி பிறந்தால் பனி. எதிரே நிற்கும் எருது தெரியாது. காற்று மழை மேகத்தைத் தள்ளிக்கொண்டுவரும், மழை மண்ணை நனைக்கும், அதற்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பனியை மட்டும் குடித்துக்கொண்டு கொள்ளு காய்க்கும். இது அங்கே நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும்.

தெரிந்தும் என்ன செய்தார்கள்? காற்றடித்தால் காற்றைத் திட்டினார்கள். மழை பெய்தால் மழையைத் திட்டினார்கள். பனி இறங்கினால் பனியைத் திட்டினார்கள். மார்கழிக் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டார்கள்.

"இன்னா மாமா, இந்தப் பாழாப்போன பனியை எவனாச்சும் தூக்கிட்டுப் போனா தேவல."

"போகட்டும்டா, பீடை போகட்டும்."

இதுதான் அவர்கள் வணக்கம். மனசிலிருந்து வராத சொல். வாயிலிருந்து மட்டும் வரும்.

போன வருஷத்து மார்கழியில் அந்த வழியாக வந்த தேன்வாயன் இதைக் கேட்டான். அவன் மந்திரவாதி. ஓர் ஊரின் பருவத்தை அந்த ஊரே "போகட்டும்" என்று விட்டுக்கொடுத்தால் அதைச் சுருட்டி எடுத்துக்கொள்ளும் வித்தை அவனுக்குத் தெரியும். அந்த வித்தைக்கு ஒரே பத்தியம்: அவன் குரல் உயரக் கூடாது. ஒருமுறை கத்தினாலும் பிடித்தது எல்லாம் கைவிட்டுப் போய்விடும். அதனால் பாம்பு மிதிபட்டாலும் "மன்னியுங்கள் பாம்பாரே" என்பான்.

அவன் ஒவ்வொரு வாசலிலும் நின்றான். "பனியை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று மெல்லக் கேட்டான்.

ஒன்பது வாசலிலும் சிரித்தார்கள். "போகட்டும், எடுத்துக்கினு போ!"

அவன் பனியைக் கோரைப்பாய் போலச் சுருட்டினான். சுரைக்குடுக்கையில் திணித்தான். இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அரண்மனையில் ராஜாவின் ரோஜாச் செடிகளுக்குத் தினம் ஒரு சொட்டு தெளித்துப் பொன் வாங்கினான். இங்கே கொள்ளு காய்ந்து கருகியது. வருஷம் இருநூறு மரக்கால் கண்ட களத்தில் ஒரு சிறு குவியல் கிடந்தது. அது தின்பதற்கு இல்லை, விதைக்கு. அதுவும் போனால் ஊரும் போயிற்று.

அந்தக் குவியலை அளக்கும் நாளில்தான் தேன்வாயன் திரும்பி வந்தான். அவனுக்கு இப்போது மழை வேண்டும். ராஜா ஒரு நீரூற்று கட்டுகிறாராம்.

வெறுங்கையோடு வரவில்லை. ஒரு குடம் பானகம் கொண்டுவந்தான். வெல்லமும் ஏலமும் மணந்தது. வருஷம் முழுக்க வயிறு காய்ந்தவர்கள் வரிசையாக நின்று வாங்கிக் குடித்தார்கள். குடித்தவுடன் முகம் தளர்ந்தது. அந்தப் பானகம் கோபத்தை உறிஞ்சிவிடும் பானகம். அவனைக் கண்டால் கண்ணைத் தோண்டுவேன் என்று நேற்றுவரை சொன்ன அஞ்சலை, "இன்னொரு மடக்கு கிடைக்குமா அண்ணா?" என்றாள்.

பூங்காவனம் குடிக்கவில்லை. அளக்கிறவள் விடிந்ததிலிருந்து அளவு முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எண்ணிக்கையைத் தவிர வேறு சொல் பேசக் கூடாது. நடுவில் எவராவது குறுக்கே பேசி எண்ணிக்கை கலைந்தால் அந்த அளவைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அளவு முடிந்ததும், களத்துக்கு வந்த விருந்தாளி எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் வாங்கிக் குடிக்க வேண்டும். கொள்ளுமேட்டுக் களத்தின் முறை இது. முறை தவறி அளந்த விதை முளைக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆகவே அவளுக்குக் கோபம் இருந்தது, வாய் இல்லை. ஒரு வருஷத்துக் கோபம். அடுப்பில் மூடி போட்ட பானை எப்படிக் கொதிக்குமோ அப்படி உட்கார்ந்திருந்தாள்.

வடக்கே பார்த்து மரக்காலை நிரப்பினாள். மேலே குவிந்ததை வழித்துத் தலை தட்டினாள். "லாபம்" என்றாள். அங்கே ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

தேன்வாயன் ஏகாம்பரத்திடம் போனான். "பெரியவரே, மழையும் போகட்டுமா?"

"போகட்டும் சாமி. எங்களுக்கு எதுக்கு?"

"ரெண்டு!" என்றாள் பூங்காவனம். எருது திரும்பிப் பார்த்தது.

"அஞ்சலை தங்கச்சி, மழை போகட்டுமா?"

"போகட்டும் அண்ணா. துணி காயும்."

"மூணு!"

"பாவாடை, உனக்கு எப்படி?"

"போகட்டும்பா. கூரை ஒழுகாது பாரு. வருஷா வருஷம் ஏறி ஏறி என் முட்டி போச்சு." பாவாடை பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "நீ ஏன் பூங்கா மொறைக்கிற? மரக்காலு உடைஞ்சிறப் போவுது."

"நாலு!" அதைச் சொன்ன விதத்தில் அவனுடைய முட்டி, அவனுடைய கூரை, அவனுடைய பாட்டன் பூட்டன் எல்லோரும் திட்டு வாங்கினார்கள்.

இப்படி இருபத்தாறு பேரும் சொல்லியாயிற்று. எனக்குச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தைப் பறிகொடுத்தவனுக்கு நிலம் எதற்கு, வானம் எதற்கு? மிச்சம் ஒரே ஒரு வாய். பூங்காவனமும் "போகட்டும்" என்றால் மழை குடுக்கைக்குள் போய்விடும். அளவு முடிந்ததும் அவள் பானகம் குடித்தே ஆகவேண்டும்; குடித்தால் அவளும் சொல்லிவிடுவாள். தேன்வாயன் ஒரு குவளை நிறைய ஊற்றிக்கொண்டு அவள் முன்னால் குந்தினான்.

பதினெட்டு மரக்கால் ஆயிற்று. மீதி ஒரு மரக்காலுக்குக் காணாது. அவன் குவளையை நீட்டினான். "முடிந்ததா தாயே?"

அவள் மரக்காலைவிடச் சின்னதான படியை எடுத்தாள். "லாபம். ரெண்டு."

மீதி ஒரு படிக்குக் காணாது. "இப்போது முடிந்ததா தாயே?"

அவள் கால்படி கொள்ளும் உழக்கை எடுத்தாள். "லாபம்."

மீதி, உழக்கில் பாதியான ஆழாக்குக்கும் காணாது. ஒரு கைப்பிடி இருக்கும். "இனி அளக்க அளவே இல்லையே தாயே?"

பூங்காவனம் முந்தானையை விரித்தாள். கைப்பிடியை அதில் கொட்டினாள். ஒரு கொள்ளை எடுத்து இந்தப் பக்கம் வைத்தாள். "லாபம்." இன்னொன்றை எடுத்து வைத்தாள். "ரெண்டு."

தேன்வாயன் புன்னகைத்தான். சிறிது நேரம் பொறுத்தான். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு ஈ அவன் மூக்கில் உட்கார்ந்தது. "ச்சு, போங்கள் ஈயாரே" என்றான்.

பூங்காவனம் எண்ணியதை எல்லாம் கூட்டித் தள்ளி மறுபடி கலந்தாள். "லாபம்."

அவன் புன்னகை கொஞ்சம் கோணியது. வெயில் உச்சிக்கு வந்தது. அறுநூற்று நாற்பதில் அவனால் முடியவில்லை. "தாயே, கொஞ்சம் சுருக்காக..." என்று மெல்லச் சொன்னான்.

அவள் கூட்டித் தள்ளிக் கலந்தாள். "லாபம்."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். ஆயிரம் ஆயிற்று. ஆயிரத்து இருநூறு ஆயிற்று. ஆயிரத்து முந்நூற்று ஐந்தாவது கொள்ளை எடுத்து வைத்தபோது முந்தானையில் மீதி சிலதே இருந்தன. அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. குவளையை எடுத்து அவள் வாய்க்கு நேரே பிடித்தான்.

பூங்காவனம் அடுத்ததை எடுத்தாள். கீழே வைக்கவில்லை. வெயிலில் தூக்கிப் பார்த்தாள். வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்தாள். தூசியை ஊதினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"வைடீ கீழே அதை!"

மலை அதிர அவன் கத்தினான். குவளை எகிறியது. இடுப்புக் குடுக்கை நடுவில் விரிந்து பிளந்தது.

முதலில் ஒரு குளிர் வந்தது. பிறகு வெள்ளையாகப் புகை எழுந்தது. மாசி மத்தியானத்தில், சுடுகிற களத்தில், ஒரு வருஷத்துப் பனியும் ஒரேயடியாக இறங்கியது. இருபத்தாறு பேருக்கும் பல் கிட்டியது. பல் கிட்டிய வாய்க்குள் கோபம் திரும்பி வந்தது. அதுவும் வட்டியோடு வந்தது.

"அடப்பாவி! எங்க பனியை வித்துத் துன்னவனா நீ!" என்று பாவாடை பாய்ந்தான்.

"அண்ணானு வேற கூப்பிட்டனே உன்னை!" என்று அஞ்சலை முறத்தை ஓங்கினாள்.

தேன்வாயன் கும்பிட்டு ஏதோ இனிமையாகச் சொல்ல வாயைத் திறந்தான். "டேய்! போங்கடா! விடுங்கடா!" என்றுதான் வந்தது. இனிமேல் அவனுக்கு அந்த ஒரு குரல்தான். மண்ணாங்கட்டி நான்கு எருதையும் அவிழ்த்துவிட்டான். மலை இறங்கும்வரை மாடு ஓட்டும் தார்க்குச்சியும் முறமும் கல்லும் அவன் பின்னால் போயின. அரண்மனையில் போய் நின்று, "யோவ் ராஜா!" என்றானாம். அங்கே கிடைத்ததைக் காவல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திரும்பி வந்தவர்கள் களத்தைப் பார்த்துத் திகைத்தார்கள். விதை முழுவதும் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது. இன்றைக்கே விதைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். ஆனால் அளவு முடியவில்லை. பூங்காவனம் பனியில் நனைந்தபடி முந்தானையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. அத்தனை கூச்சலிலும் இந்தத் தடவை அவள் எண்ணிக்கை கலையவில்லை; கையில் இருந்ததோடு சேர்த்து மீதி இருந்த பதினேழையும் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். ஆயிரத்து முந்நூற்று இருபத்திரண்டு. அளவு முடிந்தது.

பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவன் திருடனா? அவன் கேட்டு வாங்கினான். நீங்க தூக்கிக் கொடுத்தீங்க! போகட்டும், போகட்டும், போகட்டும்! எது போகட்டும்? சோறு போகட்டுமா? புள்ளைங்க போகட்டுமா? ஏகாம்பரம் மாமா, உங்க தலைப்பாகையைக் கேட்டா கொடுப்பீங்களா? பனி மட்டும் யார் அப்பன் வூட்டு சொத்து?"

ஏகாம்பரம் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டார். "தப்புதாம்மா. இனிமே இந்த ஊர்ல எவன் வந்து எதைக் கேட்டாலும், உன் வாய்ச்சொல் வராம எங்க வாயில ஒரு சொல்லு வராது."

"வரட்டும், பாக்கறேன்" என்றாள் பூங்காவனம். "நின்னது போதும். ஏர் பூட்டுங்க."

அன்று விதைத்தது வைகாசியில் இருநூற்று எழுபது மரக்கால் கொடுத்தது. அதில் முதல் மரக்கால் தலை தட்டாமல் பூங்காவனத்துக்கு. அடுத்த மார்கழியில் பல் கிட்டக் கிட்ட எழுந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்து, "பனி வந்துடிச்சா? வரட்டும்" என்றார்கள்.

விதைத்த நாளின் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. வீட்டுக்கு இரண்டு மரக்கால், பதினெட்டும் தீர்ந்தது. படிக்கு நான்கு உழக்கு; இரண்டு படியும் ஓர் உழக்கும் சேர்ந்து ஒன்பது உழக்கு. வீட்டுக்கு ஓர் உழக்கு. எண்ணி வைத்ததில் வீட்டுக்கு நூற்று நாற்பத்தாறு கொள்ளு. எல்லோரும் விதைக்கப் போன பிறகு, ஆறாத கோபத்தோடு பூங்காவனம் முந்தானையை உதறிப் பார்த்தாள். மிச்சம் எட்டு.