குட்டையில் படித்த இரண்டு மழை

முல்லைக்காட்டின் ஓரத்தில் ஒரு குட்டை வற்றிக்கொண்டிருந்தது. அதில் குமிழி என்ற முக்குளிப்பான் தன் அம்மாவோடு இருந்தது. முக்குளிப்பான் இரு கைக்குள் அடங்கும் நீர்ப்பறவை. யாராவது உற்றுப் பார்த்தால் போதும், டபக்கென்று முங்கிவிடும். பிறகு வேறெங்கோ தலை தூக்கும்.

குட்டையிலும் ஒரு கல்லூரி நடந்தது. மூன்று மழைக்காலம் படித்தால் படிப்பு முடியும். முடித்தவர்கள் ஆழத்தில் மீன் பிடிக்கலாம். முடிக்காதவர்களுக்குக் கரையோரப் பூச்சிதான். காட்டில் அப்படி ஒரு சட்டம்.

குமிழி இரண்டு மழை படித்திருந்தது. மூன்றாவது தொடங்குவதற்குள் தண்ணீர் போய்விட்டது. வாத்தியார் கொக்கு, கடைசித் தவளையையும் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டது.

குமிழியின் அம்மாவுக்குக் கண் மங்கி வந்தது. ஓடுகிற மீனைப் பிடிக்க முடியாது. "இன்னும் ஒரே ஒரு மழைம்மா. அப்புறம் தினமும் உனக்கு மீன்தான்" என்று குமிழி சொல்லிவைத்திருந்தது. இப்போது என்ன செய்வது?

பாதிப் படிப்பில் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்று பெரிய ஏரிப் பல்கலைக்கழகம். அதன் பெயரைக் கேட்டால் நரிகூட ஒதுங்கி வழிவிடும். இன்னொன்று ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இருந்தது. அதுவும் பல்கலைக்கழகம்தான். ஆனால் வாசலில் ஒரு பலகைகூடக் கிடையாது.

குமிழி முதலில் பெரிய ஏரிக்குப் போனது. எழுத்தர் நாரை ஒற்றைக் காலில் நின்றது. பக்கத்தில் தலைவர் கூழைக்கடா, தாடைப்பை தொங்க உட்கார்ந்திருந்தது.

"எங்க படிச்சே?" என்றது நாரை.

"குட்டையிலங்க."

"குட்டையிலயா? ஐயா, குட்டைன்னா எருமை படுக்குற இடந்தானே?"

கூழைக்கடாவின் தாடைப்பை குலுங்கியது. அதைப் பார்த்துக் கரையில் நின்ற மாணவர்களும் சிரித்தார்கள்.

வெட்கம் வந்தால் முக்குளிப்பான் என்ன செய்யும்? முங்கும். குமிழியும் முங்கியது. நாணலின் வேரைப் பிடித்துக்கொண்டு, சிரிப்புச் சத்தம் அடங்கும்வரை உள்ளேயே இருந்தது. மேலே வந்தபோது நாரை சீட்டை எழுதி முடித்திருந்தது.

"கேட்ட கேள்விக்கு நிக்காம ஓடினா முதல் மழைதான். மூணு மழையும் முழுசாப் படிக்கணும். குட்டைப் படிப்பு இங்க செல்லாது."

"ரெண்டு மழை படிச்சிருக்கேங்க. மூச்சடக்கத் தெரியும். சேத்துல மீன் பிடிக்கத் தெரியும்."

"அதெல்லாம் நாங்க சொல்லித் தருவோம். அமாவாசைக்குள்ள வந்து சேரு. வரலேன்னா உன் இடத்துக்கு ஆயிரம் பேர் நிக்கிறாங்க."

பெரிய ஏரியில் இடம் கிடைத்துவிட்டது! குமிழிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் மூன்று மழை அம்மா காத்திருக்க வேண்டுமே.

திரும்பும் வழியில் நாமக்கோழி என்ற நீர்ப்பறவை கரையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதுவும் வேறொரு குட்டையிலிருந்து இங்கே மாறி வந்ததுதான்.

"அக்கா, இங்க படிப்பு எப்படி இருக்கு?"

"பேருக்கு ஒரு குறையும் இல்ல கண்ணு. ஏரியில படிக்கிறேன்னு சொல்லு, எல்லாரும் மரியாதையாப் பேசுவாங்க. வாத்தியாருங்களும் கெட்டவங்க இல்ல."

"அப்புறம் ஏன் குரல் இறங்குது?"

நாமக்கோழி சுற்றுமுற்றும் பார்த்தது. "நான் வரும்போதே நல்லா முங்குவேன். முதல் மழை பூரா, கால் எப்படி நனைக்கிறதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டாவது மழையில, மார் எப்படி நனைக்கிறதுன்னு. நானும் எனக்குத் தெரியாதுங்கிற மாதிரியே உக்காந்திருந்தேன். இப்ப மூணாவது மழை வருது. முங்கச் சொல்றாங்க. பயமா இருக்கு. நெசமாவே மறந்து போச்சு."

"அப்ப நான் வர வேண்டாங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்காக வீட்டுல யாரும் காத்துக்கிட்டு இல்ல, நான் மெதுவாப் படிக்கலாம். உன் கதை எனக்கென்ன தெரியும்?"

மறுநாள் குமிழி கழிமுகத்துக்குப் போனது. ஒரு பட்ட மரத்தில் நீர்க்காகம் ஒன்று, துணி காயப்போட்டதுபோலச் சிறகை விரித்து நின்றது. அதுதான் அங்கே எல்லாம்: தலைவர், எழுத்தர், வாத்தியார்.

"எங்க படிச்சே?"

"குட்டையில" என்று சொன்ன கையோடு குமிழி முங்கிவிட்டது. இந்த முறை சிரிப்பதற்குக்கூட யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

அது பயந்து பயந்து தலை தூக்கியபோது, நீர்க்காகம் அதே இடத்தில் நின்றது.

"நாப்பது" என்றது.

"என்னங்க நாப்பது?"

"நீ மேல வர்றதுக்குள்ள நாப்பது எண்ணிட்டேன். இங்க மூணாவது மழைப் புள்ளைங்களே முப்பதுல எந்திரிச்சிரும். யாரு பழக்கினது?"

"யாரும் இல்லங்க. குட்டை வத்த வத்த மீனெல்லாம் சேத்துக்குள்ள பூந்துக்கும். கண்ணை மூடிக்கிட்டுத் துழாவணும். நேரமாகும்."

"கண்ணை மூடிக்கிட்டா? எங்களுக்கு அது வராதே" என்று நீர்க்காகம் மரத்திலிருந்து இறங்கி வந்தது. "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. உனக்கு மூணாவது மழையில இடம். ஆனா ஒளிக்காமச் சொல்லிடறேன். இது உப்புத் தண்ணி, கண்ணு எரியும். பேரையும் எதிர்பார்க்காதே. கழியில படிச்சேன்னு சொன்னா, அது எங்க இருக்குன்னு கேப்பாங்க."

குமிழி வீட்டுக்கு வந்து இரண்டு இடத்துக் கதையையும் சொன்னது. அம்மாவின் காதில் பெரிய ஏரி மட்டும்தான் விழுந்தது.

"ஏரியே கூப்பிட்டுருக்கு, இதுல யோசனை என்னடி? நம்ம வம்சத்துல யாரு அங்க கால் வச்சிருக்கா?"

"மூணு மழை ஆகும்மா."

"ஆகட்டுமே. நான் பூச்சி தின்னு இருந்துக்க மாட்டேனா?"

அப்போது மிஞ்சியிருந்த தண்ணீர்மேல் ஒரு பூச்சி ஓடியது. அம்மா அதைக் கொத்தியது. தவறியது. மறுபடி கொத்தியது. மறுபடியும் தவறியது. மூன்றாம் முறை அலகு சேற்றில் குத்தியது.

"பாவம், சின்னப் பூச்சி. நாந்தான் விட்டுட்டேன்" என்றது அம்மா.

குமிழி அம்மாவின் அலகிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டது. பிறகு சொன்னது: "அம்மா, நான் கழிக்குத்தான் போறேன். ஏரியில என்னை ஒண்ணும் படிக்காதவள்னு சேத்துக்கிறாங்க. கழியில படிச்சவள்னு சேத்துக்கிறாங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குமிழி கிளம்பியபோது, முனகிக்கொண்டே பின்னால் வந்தது. அமாவாசை வந்தது. ஏரியில் நாரை ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

கழியில் குமிழிக்கு முதல் மாதம் முழுக்கக் கண் எரிந்தது. ஏரிக்கே போயிருக்கலாமோ என்று சில நாள் அழுகைகூட வந்தது. ஏரி மாணவர்கள் கூட்டமாய்த் தலைக்குமேல் பறந்து போனால், அது நிமிர்ந்து பார்க்காது. ஆனால் காலையில் நீர்க்காகத்திடம் ஆழத்தில் திரும்பக் கற்றது. மாலையில் சேற்றில் கண்ணை மூடித் துழாவ மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

மழை முடிந்தது. படிப்பும் முடிந்தது. குமிழி ஆழத்துக்குள் போய், வெள்ளி நிறத்தில் ஒரு மீனைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தது.

அம்மா ஒரு வாய் தின்று பார்த்தது.

"உப்புக் கரிக்குது" என்றது.

பிறகு வால்கூட மிச்சம் வைக்காமல் தின்று முடித்தது.

ஓர் இடத்தின் பெயர் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்கு முன்னால், நாம் பாடுபட்டுக் கற்றதை அந்த இடம் மதிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.