நாலாவது விசில்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடனுக்கு ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் பிரம்மசக்தி. பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவார். வேலை, வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், இவற்றுக்கு நடுவே பன்னிரண்டு வருஷத்தில் மூன்று நாவல் எழுதியிருந்தார்.

சீடன் நல்லபெருமாள் கல்லூரியில் தர்க்கம் நடத்துகிறவன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க அங்கே போய்க் கையை நீட்டுவான். ஒரு நாள், வாசித்து முடித்த நாவலின் பின்னட்டையைத் திருப்பினால், தன் ரத்தத்தை எடுக்கிற அதே அம்மாள். அடுத்த முறை ஊசி இறங்கும்போதே, என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டான். கையை ஆட்டாதீங்க சார் என்றார் குரு. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

சீடனும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். எட்டு வருஷம். நாற்பத்திரண்டு பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குருவின் வீட்டுக்கு வந்தபோது சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. நாவலை முடிக்க ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டு முதல்வருக்கு எழுதியது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால், வீடு அவன் மனைவி செண்பகவல்லியின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் நடக்கும். அவள் சாயங்காலம் டியூஷனும் எடுக்க வேண்டி வரும். செண்பகவல்லி அழவில்லை, சண்டையும் போடவில்லை. உங்க குருவைப் போய்க் கேளுங்க, அவங்க சொல்றதுதான் எனக்கும் என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடப் போய்விட்டாள்.

குரு அடுப்படியில் இருந்தார். குக்கரில் பருப்பு ஏறியிருந்தது. மேடைமேல், மஞ்சள் விரல் பதிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டு திறந்து கிடந்தது.

சீடன் கடிதத்தைக் காட்டவில்லை. முதலில் தன் கால அட்டவணையை எடுத்து விரித்தான். கலர் பென்சிலால் கட்டம் போட்டது. நாலரைக்கு வெந்நீர். ஐந்து மணிக்கு நடை, டாக்டர் உத்தரவு. பிறகு மூச்சுப் பயிற்சி, கேழ்வரகுக் கஞ்சி, கல்லூரி, விடைத்தாள். நாவலுக்கு மிஞ்சியது பச்சைக் கட்டம் ஒன்று, அரை மணி நேரம். இதில் எந்த மனுஷனால் நாவல் எழுத முடியும் என்று கேட்டான்.

குரு ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"வீட்டு வேலை இருபது நிமிஷம்னு போட்டிருக்கீய. என்ன வேலை சார்?"

"செடிக்குத் தண்ணீர். பேப்பர் மடித்து வைப்பது."

குரு அட்டவணையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் கடிதத்தை எடுத்தான். அவர் அதை வாசித்துவிட்டு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பின்கட்டில் வாஷிங் மெஷின் நின்ற சத்தம் கேட்டது.

"மாடியில துணி காயப்போட்டுட்டு வாரேன். நாலு விசில் வந்ததும் அணைச்சிருங்க. அணைக்கத் தெரியும்லா?"

"எனக்கு ஐம்பத்தொரு வயசு."

"அதான் கேட்டேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சீடன் அடுப்பின் முன் நின்றான். முதல் விசில் வந்தது. விரலை மடக்கினான். இரண்டாவது வந்தது. இன்னொரு விரலை மடக்கினான்.

குரு இறங்கி வந்தபோது விசில் சத்தமே இல்லை. கருகல் வாடைதான் படிக்கட்டு வரை வந்திருந்தது. அவரே அடுப்பை அணைத்தார். குக்கர் ஆறியதும் மூடியைத் திறந்தார். அடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

சீடன் வெட்கப்படவில்லை. சொல்லப்போனால் அவன் முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது.

"இதைத்தான் சொல்ல வந்தேன். மனம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்காது. ஒன்று பருப்பு, இல்லையென்றால் நாவல். பருப்பு தீய்ந்துவிட்டது. ஆகவே நான் நாவலில் இருந்தேன்."

"எத்தனாவது விசில்ல போனீய?"

"இரண்டுக்கு அப்புறம்."

"ரொம்ப நல்லது." குரு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நோட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க சார். எழுதிக்கிடுதேன்."

"எதை?"

"உள்ள போய் எடுத்துட்டு வந்ததை. ஒரு வரி போதும். பருப்புக்கு ஈடா இருக்கட்டும்."

சீடன் இருபத்தேழு வருஷம் தர்க்கம் நடத்தியவன். இரண்டே பக்கம் என்று தான் நினைத்த வாதத்துக்கு மூன்றாவது பக்கம் ஒன்று இருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நாவலில் இல்லை" என்றான் கடைசியில். "மேடையில் இருந்தேன்."

"எந்த மேடை?"

"வெளியீட்டு விழா. ஏற்புரை போய்க்கொண்டிருந்தது."

குரு சிரிக்கவில்லை. "தீயும்போது எந்த இடத்துல நின்னீய?"

"செண்பகத்துக்கு நன்றி சொல்கிற இடம்."

குரு பேனாவை மூடினார். கம்பி நாரையும் சபீனாப் பொடியையும் எடுத்துக் குக்கருக்குள் போட்டு அவனிடம் நகர்த்தினார். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தான். குரு சின்னக் குக்கரில் வேறு பருப்பு போட்டார். போட்டுவிட்டு நின்றபடியே நோட்டைப் பார்த்தார். முதல் விசிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அரை வரி எழுதினார். மூன்றாவதுக்கு முன்னால் அதை அடித்துவிட்டு வேறு எழுதினார். நாலாவது வந்தபோது பேனா ஒரு வார்த்தையின் பாதியில் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தார்.

"இப்படி எழுதினால் நாலு வருஷம் ஆகாதா ஒரு நாவலுக்கு?" என்றான் சீடன், தேய்த்துக்கொண்டே.

"ஆச்சு."

"இது நியாயமா?"

"நியாயம்னு யார் சொன்னா? எனக்கு ஒருத்தர் ஒரு வருஷம் தாரேன்னா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

சீடன் நிமிர்ந்தான். "அப்படியென்றால் விடுப்பு எடுப்பது தப்பில்லை என்கிறீர்கள்."

"எனக்கு யாரும் தரலை. அதைச் சொன்னேன்."

அவன் மறுபடி குனிந்தான். கறுப்பு வட்டம் ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நடுவில் அசையவில்லை. தேய்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரம் படாமல் இரண்டு விரலால் கடிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். வாசல் வரை போனவன் திரும்பினான்.

"நீங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குரு என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்பாள். நான் என்ன சொல்ல?"

குரு பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார்.

"பருப்பு தீஞ்சிட்டுன்னு சொல்லுங்க. தீயும்போது எங்க நின்னீயன்னும் சொல்லுங்க. அப்புறம் அவங்க சொல்லுவாங்க."