கண்முன்னே சுட்ட பீட்சா

தென்காசி பைபாஸில் ‘ரோமாபுரி வீதி’ கடை திறந்தபோது வாசலில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இத்தாலிக்காரன் தெருவில் நின்றுகொண்டே தின்னும் பீட்சாவை ஊருக்கு ஊர் கிளை போட்டு விற்கிற கம்பெனி அது. நம்மூர்க் கிளையை எடுத்தவர் சோலைமலை. கூடவே தம்பி சுடலையும் மச்சினன் இசக்கியும். மூன்று பேரும் அதுவரை குவாரியில் கல் உடைத்தவர்கள். நல்லவர்கள். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கம்பெனி கொடுத்த புத்தகத்தில் முதல் விதி: ‘எல்லாம் வாடிக்கையாளரின் கண்முன்னே நடக்க வேண்டும்.’ மீறினால் கடையின் போர்டைக் கழற்றிவிடுவார்களாம். போர்டு போனால் மறுபடி குவாரிதான். மூவரும் அந்த விதியைச் சாமி பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள்.

கடையைப் பரிசோதிக்கக் கம்பெனியிலிருந்து வில்சன் சார் வந்தார். பதினொரு மணிக்கு ஒரு பீட்சா சொல்லிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ள நோட்டில் குனிந்தார். மூவரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நிமிர்ந்தார், பிசைந்தார்கள். ‘தாமதம்’ என்று எழுதக் குனிந்தார், மறுபடி நின்றுவிட்டார்கள்.

நாற்பது நிமிடம் கழித்து, ஒருவழியாக இசக்கி மாவைத் தட்டி உயரே வீசினான். அந்த நேரம் பார்த்து சாருக்குப் போன் வந்தது.

“அத்தான், மாவு மேல போயிட்டு. சார் பாக்கல. புடிக்கவா, விடவா?”

“புடிக்கதும் வேலதாம்ல,” என்றார் சோலைமலை.

“அப்ப கீழ விழுகது வேல இல்லையாண்ணே?” என்று கேட்டான் சுடலை.

“அது மாவோட வேல. அதுக்கு நாம பொறுப்பு கெடையாது.”

மாவு இசக்கியின் தலையில் விழுந்து காதுவரை இறங்கியது. சார் பார்க்காமல் துடைக்கக் கூடாதென்று அவன் அப்படியே நின்றான்.

ஒரு மணி ஆகியும் பீட்சா வரவில்லை. சார் எழுந்துவிட்டார். “நான் லாட்ஜுக்குப் போறேன். பார்சல் அனுப்புங்க. அதுவாவது ஒழுங்கா வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

சோலைமலை விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். வாடிக்கையாளரின் கண் லாட்ஜில் இருந்தால் கடையில் எப்படிச் சுடுவது?

அரைமணி நேரத்தில் லாட்ஜ் வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அடுப்பு, சிலிண்டர், மாவுப்பலகை எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப்போய்ச் சாரின் கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். பசியில் சாருக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டுக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தே நிமிடத்தில் பீட்சா தட்டில் விழுந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அருமையான பீட்சா. முதல் வாயிலேயே சார் சொக்கிப்போய்க் கண்ணை மூடிவிட்டார்.

இசக்கி பாய்ந்து அவர் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கண்ணத் தொறந்துட்டு மெல்லுங்க சார்,” என்று கைகூப்பினார் சோலைமலை. “எங்க போர்டு போயிரும்.”