முதல் வரியிலேயே நின்ற நிரல்

காலை பத்தேகாலுக்கு, ஏழு பேராசிரியர்கள் முன்னால் ஆய்வக உதவியாளர் மரியபுஷ்பம் நிறுத்தப்பட்டாள். யாரும் எடுத்துப் பயன்படுத்த அவள் தயாரித்த திறமூல நிரல்தொகுப்பு உதவாது என்று கல்லூரி ஆலோசகர் அரங்கநாதன் அறிக்கை தந்திருந்தார்.

"மூலநிரலை மூன்று தடவை கம்பைல் செய்து, கணினியில் ஓடும் வடிவுக்கு மாற்றினேன். மூன்று தடவையும் ஓடும்போது படுத்துவிட்டது. இந்தம்மாவை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார் கல்லூரி முதல்வரிடம்.

"ஒரு வரிகூட மாற்றாமலா சார் கம்பைல் ஆனது?" என்று கேட்டாள் மரியபுஷ்பம்.

"ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. என் கையில் கம்பைல் ஆகாமல் எதும்மா நிற்கும்?"

அவள் அதே நிரலை முதல்வரின் கணினியில் கம்பைல் செய்தாள். கம்பைல் தொடங்கியதுமே, முதல் வரியிலேயே நின்றது. திரையில் வந்தது: "உடன் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு இந்த வரியை நீக்கவும்."

"படிக்காமல் தொடங்குகிறவர்களுக்காகப் போட்ட வரி சார். இதை நீக்காமல் ஒரு தடவைகூட கம்பைல் ஆகாது" என்று சொல்லி அதை நீக்கினாள். தொகுப்பு தயாராகி, பிசகாமல் ஓடியது.

அரங்கநாதன் தண்ணீர் கேட்டார்.

2019 ஜூலை 8 அன்று மரியபுஷ்பம் ஆய்வகப் பொறுப்பாளராகப் பதவியேற்றாள்.