கீழ்ப்பக்கத் தகரம்

ஒரு மலையாம். அந்த மலைக்கு ஒரு தோளாம், ஒரு இடுப்பாம், ஒரு காலடியாம். தோளில் தேயிலை, காலடியில் ஓடை. இடுப்பில், பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு பசுமைக்குடில். அதைக் கட்டியவர் மட்டும் மலைக்காரர் இல்லையாம்.

அவர் பெயர் சென்னியப்பன். சென்னிமலையில் நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டிப் போர்வை நெய்தவர். தறிகளைக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் ஜெர்பெரா பூ வளர்த்து விற்கலாமென்று மலையேறி வந்திருந்தார். மனைவி மரகதம் வரவில்லை.

"மொதப் பூ பூக்கட்டும், வர்றேன். பூக்கலைன்னா நீங்க எறங்கி வந்துருங்க" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டாள்.

பக்கத்துச் சரிவில் மூன்று பசுமைக்குடில் வைத்திருந்தவள் மாதி. வயது முப்பத்துநாலு. சென்னியப்பன் வந்த வாரமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் வாசலில் போய் நின்றார்.

"அம்மணி, என்னைய சிஷ்யனாச் சேத்துக்கங்க."

"எங்கப்பாவுக்கே அண்ணன் மாதிரி இருக்கீங்களே!"

"தறிக்கு நான் பெரியவன். குளிருக்கு நீங்கதானுங்க பெரியவங்க."

மாதி பழத்தை வாங்கிக்கொண்டாள். அதுதான் சம்மதம்.

நாற்று எப்படி நடுவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று அவள் சொன்னதையெல்லாம் அவர் செய்தார். சொல்லாத ஒன்றையும் செய்தார். குடிலைச் சுற்றி நாலு பக்கமும் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்தார். தறிக்கூடத்தில் காற்று புகுந்தால் நூல் அறுந்துபோகும். நாற்பது வருஷம் ஜன்னலைச் சாத்திச் சாத்திப் பழகின கை அது.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. உறைபனி. சென்னியப்பன் குடிலுக்குள் ஓடிப் பார்த்தார். சரிவின் கீழ்ப்பக்கத்துப் பாத்தி முழுக்க, வெந்நீர் ஊற்றினது மாதிரி கறுத்துத் தொங்கியது. மேலே இரண்டு பாத்திகள் தப்பித்திருந்தன. அவற்றில் சட்டைப் பித்தான் அளவுக்கு மொட்டுகள்.

அன்று சாயங்காலம் மரகதம் போன் பண்ணினாள்.

"குளிருதுங்களா?"

இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் தன் தறிப் போர்வையையும் சுற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "குளிரா? இங்கயா? சும்மா ஜிலுஜிலுன்னு இருக்குது."

போனை வைத்ததும் நேராக மாதியிடம் போனார்.

"அம்மணி, ஒரு பாத்தி போச்சு. மிச்சம் ரெண்டும் போச்சுன்னா நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் குளிர் உள்ள வராம இருக்க என்ன பண்றதுங்க?"

"நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

"இன்னும் பத்துத் தகரம் வாங்கியாந்துட்டேன். ரெண்டாவது சுத்து அடிச்சிரலாம்னு."

"வாங்கியே ஆச்சா?"

"ஆச்சுங்க."

மாதி அவர் குடில் இருந்த சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு டம்ளர்ல தண்ணி ஊத்துங்கண்ணா. ஒண்ணை மேட்டுல, தகரத்துக்கு வெளிய வைங்க. இன்னொண்ணை உள்ள, கீழ்ப்பக்கத் தகரத்தோரமா வைங்க. காலையில வர்றேன்."

விடியும்போது வந்தாள். கையில் ஒரு இரும்புச் சட்டி. அதில் தணல், மேலே ஈர இலை.

"பூசைங்களா அம்மணி?"

"ஆமா. சாமி எந்தப் பக்கம் போறார்னு பாத்துக்கிட்டே இருங்க."

முதலில் டம்ளர்களைப் பார்த்தார்கள். வெளியே மேட்டிலிருந்ததைக் கவிழ்த்தார், தண்ணீர் கொட்டியது. உள்ளே கீழ்ப்பக்கம் இருந்ததைக் கவிழ்த்தார், கொட்டவில்லை. தட்டினார், அப்போதும் கொட்டவில்லை.

"நாலு பக்கமும் அடைச்சிருக்கேன். எந்தச் சந்துல வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரலைண்ணா. பொழுது சாஞ்சா இந்த மண்ணுலயே பொறக்குது."

அவள் சட்டியைத் தகர வேலிக்குள், மேல்கோடியில் வைத்தாள். காற்றே இல்லை. ஆனாலும் புகை நிற்கவில்லை. தரையை ஒட்டி, ஓடையைத் தேடிப் போகும் தண்ணீர் மாதிரி மெதுவாகச் சரிவில் இறங்கியது. குடிலைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. கீழ்ப்பக்கத் தகரத்தில் முட்டியது. நின்றது. பின்னால் வந்த புகையும் நின்றது. முழங்கால் அளவு, பிறகு இடுப்பளவு நிறைந்து, திரும்பிக் குடில்மேலேயே சாய்ந்தது.

சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார்.

மாதி கேட்டாள், "குளிரும் இப்படித்தாண்ணா தேங்குது. சுத்தியல் எங்க?"

கீழ்ப்பக்கத் தகரங்களை அவரே கழற்றினார். அரை மணி நேரம் ஆயிற்று.

"ஆணி மட்டும் நல்லா அடிச்சிருக்கீங்க" என்றாள் மாதி.

கடைசித் தகரம் விழுந்ததும், தேங்கின புகை அப்படியே சாய்ந்து ஓடைப் பக்கம் இறங்கிப் போயிற்று.

"காட்டெருமை உள்ள வந்துச்சுன்னா?"

"கம்பி வலை கட்டுங்க. எருமை நிக்கும், குளிர் போயிரும்."

"இதை நான் தகரம் அடிக்கிறப்பவே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"வந்தேன். எதுக்கு இதுன்னு கேட்டேன். நீங்க ஆணி அடிச்சிட்டு இருந்தீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பத்துத் தகரத்தை என்ன பண்றது?"

"எங்க மாட்டுக்கொட்டாய்க்குக் கூரை போடணும். குருவுக்கு வாழைப்பழம் மட்டும் போதுமா?"

அப்புறமும் பனி விழுந்தது. புல் வெளுத்தது. கீழ்ப்பக்கத்து டம்ளரில் அப்பளம் மாதிரி ஒரு ஏடு படியும். விரல் வைத்தால் உடைந்துவிடும். இரண்டு பாத்திகளும் கறுக்காமல் நின்றன. தை பிறந்து ஒன்பதாம் நாள் முதல் பூ மலர்ந்தது. குங்குமமும் மஞ்சளும் கலந்த நிறம். சென்னியப்பன் அதைப் பறிக்கவில்லை. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்.

மறுநாள் மாதி வந்தபோது அவர் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது.

"மரகதம் வியாழக்கெழமை வர்றா, அம்மணி."

"நல்லதாப் போச்சு. அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"தெனமும் கேப்பா, குளிருதான்னு. நான் தெனமும் இல்லைன்னே சொல்லிட்டேன். மூணு மாசமாச் சொல்லிட்டேன். வந்து எறங்கினதுமே அவளுக்குத் தெரிஞ்சு போயிருமுல்லங்க?"

"தெரியும்."

"இப்படி நடுக்குதேன்னு கேட்டா?"

மாதி குனிந்து பூவின் அடி இலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஆமான்னு சொல்லுங்கண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தகரம் இருந்த இடத்தில் கட்டியிருந்த கம்பி வலைக் கதவைத் திறந்து, சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.